இரண்டாவது சுற்று

இரண்டாவது சுற்றுப் பட்டியலில் குணசுந்தரியின் பெயர் இல்லை.

தருமன்தான் பார்த்துச் சொன்னான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காலை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பைக்கை நேரே கோட்டைக்குப்பத்துக்கு விட்டிருந்தான். வாசலில் நின்றபடியே போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அவளுடைய ரேங்க் வரவேண்டிய பக்கத்தைப் பார்த்தான், அதற்கு முந்தைய பக்கத்தைப் பார்த்தான், பிந்தைய பக்கத்தையும் பார்த்தான். அவளுக்கு எவ்வளவோ பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கல்லூரி கிடைத்திருந்தது. புதுச்சேரி, புதுச்சேரி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

"உன் நம்பரே காணோம் குணா. அப்படியே தாண்டிப் போய்கீது."

"சரியா பாருடா," என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா இந்திராணி. தருமன் அவளுக்கு அண்ணன் மகன். குணசுந்தரிக்கு முறை மாமன். இன்றைக்கோ நாளைக்கோ இந்த வீட்டு மாப்பிள்ளை என்று குப்பமே பேசிவைத்திருந்தது.

"அத்தே, கண்ணு எனக்கு நல்லாத்தான் கீது. முன்னாடி நம்பர் கீது, பின்னாடி நம்பர் கீது. நடுவுல இவளைத்தான் காணோம்."

குணசுந்தரி போனை வாங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. வரிசையில் ஒரு பல் விழுந்தமாதிரி அவள் இடம் மட்டும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டீ குடிக்கிறியா மாமா?"

தருமன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்கப்போனவன் கேட்காமல், "குடு," என்றான்.

அப்பா துளசிங்கம் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கொஞ்சமும் பதறவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறீங்க? இந்தச் சுத்துல இல்லன்னா அடுத்த சுத்துல வரும். நாமதான் இன்னும் எதையும் எடுத்துக்கவே இல்லியே. நம்ம முறை அப்படியே கீது."

அவர் அப்படிப் பேசியதில் ஆச்சரியமில்லை. பழவேற்காடு ஏரியில் வலை போட முறை வைப்பதே அவர் வேலை. இறால் ஓடுகிற இடங்கள் ஏரியின் முகத்துவாரப் பக்கம் சிலதான் உண்டு. அவற்றில் யார், என்றைக்கு, எங்கே வலை கட்டலாம் என்பதை எல்லையம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்தச் சீட்டை எடுத்துப் பெயரைக் கூவுகிறவர் துளசிங்கம். அவர் கூவிய பெயரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மோசமான இடம் விழுந்தால், அங்கே வலை கட்டும் கழியை நடாமல் விட்டுவிடலாம். விட்டவனுடைய பெயர் அடுத்த சீட்டில் சேர்ந்துகொள்ளும். கழியை நட்டுவிட்டால், இறால் பட்டாலும் படாவிட்டாலும் அவன் முறை தீர்ந்தது. அதற்குமேல் ஒருவன் வேறோர் இடத்துக்கும் கை நீட்டினால் ஊர் அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்கும்.

முதல் சுற்று முடிவு வந்த அன்றும் துளசிங்கம் அந்தக் கணக்கில்தான் பேசினார்.

நர்சிங் படிப்புக்கான அந்த அகில இந்திய நுழைவுத் தேர்வைக் குணசுந்தரி இரண்டு முறை எழுதினாள். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு தேர்வு எழுத விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அதற்கப்புறம் அதை யாரும் கேட்கமாட்டார்கள். தேர்வு மார்க் ஒன்றுதான் பேசும். முதல் வருஷம் தேர்வு மண்டபத்தின் குளிரிலும் இங்கிலீஷ் கேள்விகளின் நீளத்திலும் அவளுக்குக் கை உறைந்துபோனது. ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். காலையில் அம்மாவோடு மீன் கூடை தூக்கிவிட்டு, டச்சுக்காரர் கல்லறைக்குள் மர நிழலில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாள். காவல்காரர் பெரியசாமி, "இன்னா பாப்பா, உள்ள கீறவங்களுக்கு ஊசி போட்டு எழுப்பப் போறியா?" என்று கேலி செய்தபடி கேட்டைத் திறந்துவிடுவார். இரண்டாவது முறை நல்ல ரேங்க் வந்தது.

முதல் சுற்றில் ராய்ப்பூர் கிடைத்தது.

ராய்ப்பூர் எங்கே இருக்கிறது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தருமன் போனில் தேடிச் சொன்னான். இந்திராணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "எம்மா! ஒரு நாள் பூரா ரயிலா? அவசரம்னா எப்படிப் போறது?"

"அங்க கடலும் இல்ல, ஏரியும் இல்ல அத்தே. மீனு டப்பாலதான் வரும்," என்றான் தருமன். எல்லோரும் சிரித்தார்கள். குணசுந்தரியும் சிரித்தாள்.

"ஏத்துக்கறேன்னு அமுக்கினா இன்னா அர்த்தம்?" என்று கேட்டார் துளசிங்கம்.

"சேந்துக்கறோம்னு அர்த்தம் நைனா."

"அப்ப தொடாதே. போன வருஷம் உன் ரேங்கு எடுத்தவங்களுக்கு ரெண்டாவது சுத்துல பாண்டிச்சேரி கெடச்சிதுன்னு நீதானே சொன்னே?"

"கீழ இன்னொண்ணு கீது நைனா. ஏத்துகினு, நல்ல இடத்துக்குக் காத்திருக்கலாம்னு போட்டுகீது."

துளசிங்கத்தின் முகம் மாறியது. "ஏத்துகினப்புறம் இன்னா காத்திருக்கிறது? ஒருத்தன் ரெண்டு எடத்துல கழி நட்டா ஊரு சும்மா வுடுமா? இதை அமுக்கி, அதையும் கேட்டா, ரெண்டும் இல்லாம பேரையே எடுத்துடுவான். பேராசைன்னு வேற சொல்லுவான். சும்மா வுட்டுடு. வேற புள்ள யாராவது போவட்டும். நம்ம முறை வரும்."

பொத்தான்களுக்குக் கீழே இங்கிலீஷில் விதிமுறைகள் நீளமாக ஓடின. குணசுந்தரி முதல் இரண்டு வரிகளைப் படித்தாள். அப்பா சொன்னது அவள் மனசுக்கும் இதமாகத்தான் இருந்தது. புதுச்சேரி என்றால் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தருமன் பைக்கிலேயே வந்து பார்த்துவிட்டுப் போவான். அவள் போனை மூடினாள். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்பட்டார்கள்.

சென்னையில் தேர்வுக்காரர்களின் உதவி மையம் ஒன்று இருந்தது. இரண்டாவது சுற்றுப் பட்டியல் வந்த மறுநாளே துளசிங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் அவர் தெம்பாகத்தான் இருந்தார். "நேர்ல போய்ப் பேசினா புரிஞ்சிக்குவாங்க. எழுத்துல போட்டா ஆயிரம் சிக்கல்," என்றார்.

மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குணசுந்தரியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பதிவு எண்ணை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"உங்க பேர் விடுபட்டுப் போகலைம்மா. 'விருப்பமில்லை'ன்னு பதிவாகியிருக்கு."

"யாரு சொன்னது விருப்பமில்லைன்னு?" என்று முன்னால் வந்தார் துளசிங்கம். "நாங்க ஒண்ணும் சொல்லலியே மேடம்."

"ஒண்ணும் சொல்லாததாலதான் ஐயா. குறிச்ச நாளுக்குள்ள பதில் வரலைன்னா விருப்பமில்லைன்னு எடுத்துப்பாங்க. அப்புறம் அடுத்த சுற்றுகள்லயும் கூப்பிடமாட்டாங்க."

"அது எப்படி மேடம்? வேணாம்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே வேணாம்? எங்க ஊர்ல நான் சீட்டு எடுக்கிறவன். ஒருத்தன் தன் எடத்துல கழி நடாம வுட்டான்னா, அடுத்தவனுக்கு வழி வுட்டான்னு அர்த்தம். அவனுக்கு மரியாதைதான் பண்ணுவோம். முறையப் புடுங்க மாட்டோம்."

அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். கழி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும், "நீங்க சொல்றது நல்ல முறைதான் ஐயா," என்றாள். "இங்க அப்படி இல்லை. ராய்ப்பூரை ஏத்துக்கிட்டுக் காத்திருந்தா, இப்ப புதுச்சேரி தானா வந்திருக்கும். இவங்க ரேங்குக்கு நிச்சயமா."

"அப்ப அந்த ராய்ப்பூரையாவது குடுங்க. அனுப்பறேன்."

"அது வேற பொண்ணுக்குப் போயிடுச்சு ஐயா."

"மார்க்கு கீதே? அது எங்கியும் போவாதே?"

"அந்த மார்க் இந்த வருஷத்துக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் சேரணும்னா மறுபடி எழுதணும்."

துளசிங்கம் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். "அதே பொண்ணுதானே மேடம்? ஒரு வருஷத்துல படிச்சது அழிஞ்சிடுமா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருக்கத் தொடங்கினார்கள். துளசிங்கம் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஊர்க் கூட்டத்தில் அவர் யாருக்கும் கைகூப்பிக் குணசுந்தரி பார்த்ததில்லை. இப்போது கூப்பினார்.

"தப்பு என் மேலதான். பொண்ணு மேல இல்ல. அவ சரியாத்தான் கேட்டா, நான்தான் வேணாம்னேன். அப்படின்னு எழுதிக்குங்க மேடம்."

"அதையெல்லாம் எழுத இதுல இடம் இல்லைய்யா," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. மீஞ்சூர் தாண்டியதும் துளசிங்கம் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னிக்கே சொன்னியே. கீழ இன்னொண்ணு கீதுன்னு."

"ம்."

"நான்தான்..."

"வுடு நைனா."

அவள் கோபத்தை அடக்கிக்கொண்டு அப்படிச் சொல்லவில்லை. கோபம் வரவேயில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஒரு தடவை அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டபிறகு டாக்டர் கன்னத்தைக் கிள்ளி, வலிக்கிறதா என்று கேட்டார். அவர் விரல்கள் கன்னத்தில் இருப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. இப்போது உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அப்பா அழுதுவிடுவாரோ என்று ஜன்னலில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தாள். அழுதாலும் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றுதான் தோன்றியது.

அடுத்த நாட்களில் அவள் எல்லா வேலையும் செய்தாள். தண்ணீர் பிடித்தாள். கூடை தூக்கினாள். துவைத்த துணியை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் காசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி நர்சம்மா, பெரிய காலேஜு கூப்பிட்டுது, போவமாட்டேன்னுட்டியாமே? அவ்ளோ ராங்கியா உனக்கு?"

"ஆமா பெரியம்மா," என்றாள் குணசுந்தரி.

சண்டைக்குத் தயாராக வந்த காசியம்மாளுக்கு அதற்குமேல் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அந்தப் பொடவைக்கு இன்னும் எவ்ளோ சோப்புதான் போடுவே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்திராணி மகள் அழுவதற்காகக் காத்திருந்தாள். அழுதால் அணைத்துக்கொள்ளலாம், ஏதாவது சொல்லலாம். ஒரு நாள் இறாலைத் தொக்கு வைத்துப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். "அழுதுடு குணா. அடக்கி வெக்காதே," என்றாள். குணசுந்தரி யோசித்துப் பார்த்தாள். "வரலம்மா," என்றாள். தொக்கு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது அம்மாதான் அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஏரிப் பாடுகளுக்குச் சீட்டு எடுக்கும் நாள் வந்தது. துளசிங்கம் கோயிலுக்குப் போனார். ஆனால் சீட்டுக் குடத்தருகே உட்காரவில்லையாம். "இந்தத் தபா வேற யாராவது எடுங்க," என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்குத் தோள்பட்டை வலி என்றாராம். தருமன் வந்து சொன்னான். இந்திராணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். குணசுந்தரிக்கு அப்பாவிடம் போய் ஏதாவது பேசவேண்டும் என்று தெரிந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை.

தருமன் வந்தது அதை மட்டும் சொல்ல அல்ல.

"பொன்னேரிக்கு அந்தாண்ட புதுசா ஒரு நர்சிங் காலேஜு வந்துகீது. நுழைவுத் தேர்வே வேணாமாம். பிளஸ் டூ மார்க்கு இருந்தா போதும். இடமும் கீதாம். காலையில பஸ்ஸு வந்து இட்டுகினு போவும், சாயந்தரம் இட்டாந்து வுடும்."

இந்திராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப வீட்டுலேர்ந்தே படிக்கலாம்! அட தருமா, இதை மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? படிச்சிகினு இருக்கும்போதே கல்யாணத்தையும் வெச்சிக்கலாம்."

தருமன் காது சிவந்து பைக் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். குணசுந்தரிக்கு அவனைப் பிடிக்கும். சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். இரண்டு தடவையும் தேர்வு மையத்துக்கு வெளியே வெயிலில் காத்துக் கிடந்தவன் அவன்தான். இப்போது அவனைப் பார்த்தபோது, அந்தப் பிரியம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதுபோல் இருந்தது.

"போய்ப் பாக்கலாம்," என்றாள்.

கல்லூரியில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா மேடம் கனிவானவர். துளசிங்கத்துக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். குணசுந்தரி நீட்டிய காகிதங்களிலிருந்து நுழைவுத் தேர்வு ரேங்க் கார்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எதுக்கும்மா? நாங்க என்ட்ரன்ஸ் எல்லாம் கேக்கறதில்லை." பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன. "அடேயப்பா, இவ்வளவு மார்க்கா! இப்படி ஒரு பொண்ணு இங்க வர்றது எங்களுக்குப் பெருமை."

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத மார்க். அதைப் புகழ்வதைக் கேட்கும்போது, வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு.

பிலோமினா விதிமுறைத் தாளை நகர்த்தினார். "கீழ ஒரு கையெழுத்து. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுத்துட்டா, திங்கக்கிழமையே வகுப்புக்கு வந்துடலாம்."

குணசுந்தரி தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் திருப்பினாள். ஓர் இடத்தில் நின்று, மறுபடி மேலே போய் வந்தாள். வெளியே இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நீதான் முழுசாப் படிக்கிறே," என்று சிரித்தார் பிலோமினா.

"இங்க சேந்துட்டு, அடுத்த வருஷம் அந்தத் தேர்வு எழுதலாமா மேடம்?"

பிலோமினாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. "எழுதறதுக்கு யாரும் தடை சொல்லமாட்டாங்க. ஆனா இடம் கிடைச்சா ஒரிஜினல் கேப்பாங்க. படிப்பு முடியற வரைக்கும் அது எங்ககிட்டதான் இருக்கும். நடுவுல வாங்கிட்டுப் போகணும்னா, மீதி வருஷத்துப் பணத்தையும் கட்டணும். பின்பக்கம் போட்டிருக்கே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாரும்மா. அந்தத் தேர்வு மறுபடி எப்படி வரும்னு யார் கண்டா? இங்கன்னா அப்பா அம்மா பக்கத்துலயே இருந்து படிக்கலாம்."

குணசுந்தரி அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, நீ இன்னா சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லு நைனா."

துளசிங்கம் தலையைத் திருப்பாமலே பேசினார். "எனக்கு நீ இங்கியே கீறதுதான் ஆசை. அன்னிக்கும் அதான் ஆசை. முறை, அது இதுன்னு சொன்னேன், உள்ள அதான் இருந்துது. அதனால என்னைக் கேக்காதே."

காலண்டர் காற்றில் ஆடி அடங்கியது. குணசுந்தரி மேஜையில் பரப்பியிருந்த சர்டிபிகேட்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். ரேங்க் கார்டை மட்டும் தனியாக மடித்தாள், இனி அதற்கு வேலையில்லை.

"நான் மறுபடி எழுதறேன் மேடம். மன்னிச்சிடுங்க."

அப்படிச் சொன்னதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. பயம்கூட வரவில்லை. அதே கேள்விகள், அதே குளிர்ந்த மண்டபம், அதன்பிறகு பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊர். எல்லாம் தூரத்தில் நின்றன. கால்கள் மட்டும் படியிறங்கின.

வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்த தருமன் ஓடி வந்தான். "சேந்தாச்சா?"

"இல்ல மாமா. அடுத்த வருஷம் எழுதப்போறேன். எந்த ஊர் வந்தாலும் போவேன்."

அவன் துளசிங்கத்தைப் பார்த்தான். அவர் செருப்பைப் பார்த்தார். தருமன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்புறம் படிப்பு நாலு வருஷம் ஆவும்," என்றாள் குணசுந்தரி. "நீ எனக்காகக் காத்துகினு கெடக்க வேணாம்."

"நான் எங்க காத்துகினு கீறேன்? ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றான். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டான், முகம் தெரியவில்லை. இரண்டு உதை உதைத்தும் பைக் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. "சனிக்கிழமை வரேன். அந்தப் பழைய கேள்வித்தாள் இன்னும் வேணும்னா சொல்லு, பொன்னேரியில வாங்கியாறேன்."

பழவேற்காடு பஸ் காலியாகத்தான் வந்தது. குணசுந்தரி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, உறையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். துளசிங்கம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, இத்தனை இடம் காலியாக இருந்தும், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். "உக்காருய்யா பெரியவரே, நிக்கிறதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல," என்றார் கண்டக்டர். துளசிங்கம் கம்பியை விடவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு குணசுந்தரி உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துளசிங்கம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.